குவாங்ஜூ தொடுத்த வழக்கு

(இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



மக்களாட்சி கேட்டெழுந்த மக்களைத் துவக்கு முனையில் அடக்கிய வரலாறுகள் ஆசியக் கண்டத்திற் பல உண்டு. 1988இல் ரங்கூன் நகரத் தெருக்களிலும், 1989இல் பீக்கிங்கின் தியனன்மென் சதுக்கத்தைச் சூழ்ந்த வீதிகளிலும் மாணவரும் தொழிலாளரும் சுட்டு வீழ்த்தப்பட்டனர். அங்கே சுடக் கட்டளையிட்ட பெரிய மனிதர் எவரும் அக்குற்றத்துக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏறியதில்லை. ஆனால் தென்கொரியாவிலே குவாங்ஜூ என்னும் நகரத்தில் 1980 மே மாதம் சிந்திய இரத்தத்துக்குக் கணக்குக் கேட்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள் கடந்து, அந்நாட்டின் ஜனாதிபதிகளாக வீற்றிருந்த இருவர் கைதியுடை தரித்து நீதிபதிகளின் முன் நின்றனர். இது எவ்வாறு நிகழ்ந்தது? இதனாற் பின்வந்த தலைமுறைக்கு விளைந்த பயன் யாது? இவ்விரு வினாக்களையுமே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

ஒரு கொலையும் ஒரு கவிழ்ப்பும்

பதினெட்டு ஆண்டுகள் தென்கொரியாவைத் தன் கைக்குள் வைத்திருந்த ஜெனரல் பார்க் சுங் ஹீ, 1979 ஒக்ரோபர் 26இல் தன் சொந்த உளவுத் தலைவனாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சர்வாதிகாரம் ஒழிந்தது, இனி வாக்குரிமை மீளும், அரசியற் கைதிகள் வெளிவருவர் என்று நாடு எதிர்பார்த்தது. ஆனால் அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் திகதி இரவு, இராணுவப் பாதுகாப்புப் பிரிவின் தளபதியாகவிருந்த சுன் டூ ஹ்வான், தன் மேலதிகாரியான தரைப்படைத் தளபதியையே கைது செய்து இராணுவத்தைத் தன் வசமாக்கினார். அவருக்கு வலக்கையாய் நின்றவர் ரோ டே வூ.

1980 வசந்த காலத்திலே சர்வகலாசாலைகள் கொந்தளித்தன. இராணுவச் சட்டத்தை நீக்குக, தேர்தலை நடத்துக என்று மே 15ஆம் திகதி தலைநகர் சியோலின் புகையிரத நிலைய முன்றலில் ஓர் இலட்சம் மாணவர் திரண்டனர். தலையீட்டுக்குச் சாட்டுக் கொடுக்கலாகாதென்று மாணவர் தலைவர்கள் கூட்டத்தைக் கலைத்து வீடு திரும்பினர். சாட்டு வேண்டியவனுக்கு மௌனமும் சாட்டாகும். மே 17 நள்ளிரவோடு இராணுவச் சட்டம் நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டது. சர்வகலாசாலைகள் மூடப்பட்டன. அரசியற் செயல்கள் யாவும் தடுக்கப்பட்டன. எதிர்க்கட்சித் தலைவர் கிம் டே ஜுங் அன்றிரவே கைதானார். அவர் பிறந்த மாகாணத்தின் தலைநகரே குவாங்ஜூ.

இங்கே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீள்வோம். இராணுவச் சட்டத்தை நீக்கக் கோரும் அதிகாரம் அந்நாட்டுத் தேசிய சபைக்கு அன்றும் இருந்தது. அப்பொருளை ஆராய மே 20ஆம் திகதி சபை கூடவிருந்தது. அன்று உறுப்பினர்கள் சென்றபோது வாயிலில் இராணுவம் நின்றது. கதவு திறக்கவில்லை. அரசியலமைப்பின் எழுத்து வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டது.

பத்து நாள்

மே 18, ஞாயிற்றுக்கிழமை. சொன்னாம் சர்வகலாசாலையின் வாயிலில் இருநூறு மாணவரளவில் கூடினர். அவர்களை எதிர்கொண்டவர்கள் பொலிசாரல்லர்; எதிரி நாட்டினுள் இறங்கிப் போரிடுவதற்குப் பயிற்றப்பட்ட பரசூட் படையினர். தடியாலும் துவக்குச் சனியனாலும் அவர்கள் மாணவரைத் தாக்கினர். ஓடியோரைக் கடைகளுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் துரத்திப் பிடித்தனர். வழியில் நின்றோரையும் விட்டு வைத்திலர். முதலில் உயிர் நீத்தவர் காது கேளாத, வாய் பேசாத ஓர் இளைஞர். நிற்குமாறு இட்ட கட்டளையும் அவர் செவியில் விழுந்திராது. ஏனடிக்கின்றீர் என்று கேட்கவும் அவருக்கு நாவில்லை.

இதனைக் கண்ட ஊர் அஞ்சி ஒடுங்குமென்று தளபதிகள் எண்ணினர். மாறாக, கடைக்காரரும் வேலையாட்களும் மாணவரின் தாய் தந்தையரும் தெருவுக்கு வந்தனர். மே 20 மாலை, இருநூறுக்கு மேற்பட்ட பேருந்துகளும் வாடகைக் கார்களும் முன்விளக்குகளை ஏற்றிக்கொண்டு, கும்நாம் வீதி வழியே மாகாண நிர்வாக மாளிகையை நோக்கி அணிவகுத்தன. காயப்பட்டோரை ஏற்றிச் சென்றதற்காக அடிபட்ட சாரதிகளின் பதில் அது. தலைநகரில் மக்கள் பிரதிநிதிகளின் சபை பூட்டிக் கிடந்த அதே நாளிலே, குவாங்ஜூவில் வாடகைக் கார்ச் சாரதிகள் மக்கள் பிரதிநிதிகளாயினர்.

உள்ளூர்ப் பத்திரிகையொன்றின் நிருபர்கள், கண்ணாற் கண்டதில் ஒரு வரியையேனும் அச்சிட அனுமதியாததால், அன்றே கூட்டாகப் பதவி துறந்தனர். நடந்ததை ஒளிபரப்பாத ஒளிபரப்பு நிலையத்துக்கு மக்கள் தீ வைத்தனர். தீ வைத்தலை நாம் போற்றவில்லை. எனினும் தன் பிள்ளை தெருவில் அடிபட்டு விழுந்திருக்கையில், பெட்டியில் ஆடலும் பாடலும் காட்டப்படுவதைக் காணும் தந்தையின் சினத்தை விளங்கிக்கொள்ளாதவன் வரலாற்றை விளங்கிக்கொள்ள மாட்டான்.

மே 21 பகல் ஒரு மணியளவில், மாகாண மாளிகையின் ஒலிபெருக்கியில் நாட்டின் தேசிய கீதம் ஒலித்தது. அவ்வேளையிலே படையினர் கூட்டத்தை நோக்கிச் சுட்டனர். அன்று ஆஸ்பத்திரிகளில் இரத்தம் போதவில்லை. கொடுப்பதற்கு மக்கள் வரிசையில் நின்றனர். இரத்தம் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய ஒரு பாடசாலை மாணவி வழியிற் சுடப்பட்டு, தான் இரத்தம் கொடுத்த ஆஸ்பத்திரிக்கே பிணமாக மீண்டாள்.

அதன் பின்னரே மக்கள் ஆயுதமெடுத்தனர். அயலூர்களான நாஜூ, ஹ்வாசுன் ஆகியவற்றின் பொலிஸ் நிலையங்களிலிருந்து துவக்குகளைக் கொணர்ந்தனர். அன்று மாலை இராணுவம் நகரின் எல்லைக்குப் பின்வாங்கியது.

மே 22 முதல் 26 வரை குவாங்ஜூ தன்னைத் தானே ஆண்டது. வெளியூர்த் தொலைபேசி துண்டிக்கப்பட்டது, வீதிகள் மறிக்கப்பட்டன. ஆளுநர் இல்லை, பொலிஸ் இல்லை, ஆயிரக்கணக்கான துவக்குகள் பொதுமக்கள் கையில். இத்தகைய நகரில் என்ன நடந்திருக்கும் என்று ஆட்சியாளர் கூறினரோ அது நடக்கவில்லை. வங்கிகள் கொள்ளை போகவில்லை. யாங்டோங் சந்தைப் பெண்கள் தெருவோரத்தில் அடுப்பு மூட்டிச் சோற்றுருண்டை பிடித்து இளைஞருக்குக் கொடுத்தனர். மாளிகை முன்றலிலிருந்த நீரூற்றைச் சுற்றி நாள்தோறும் கூட்டம் நடந்தது. எவரும் ஏறிப் பேசலாம். துவக்குகளைத் திரும்பக் கொடுத்துச் சமாதானம் பேசுவதா, இறந்தோருக்கு நீதி கிட்டும்வரை வைத்திருப்பதா என்று கடுமையாக வாதிட்டனர். வாதிட்டனர் என்பதைக் கவனியுங்கள். இரு பக்கத்தாரும் நகரின் மீது அன்புடையோரே. பெருந்தொகையான துவக்குகளைத் தாமே சேகரித்து அடுக்கியும் வைத்தனர். கட்டுக்கடங்காக் காடையர் என்று அரசாங்கம் தூற்றிய மக்கள் நடந்துகொண்ட விதம் இது.

அச்சமாதானக் குழுவில் ஹொங் நாம் சுன் என்னும் முதிய நியாயவாதி ஒருவரும் இருந்தார். அறுபது வயதைக் கடந்தவர். பார்க் ஆட்சியிலே அரசியற் கைதிகளுக்காக வழக்காடியவர். மே 26 விடியற்காலையில் யுத்த டாங்கிகள் நகருக்குள் நகர்ந்தபோது, அவரும் குருமாரும் ஏனைய முதியோரும் வெறுங்கையோடு அவற்றை நோக்கி நடந்து சென்றனர். டாங்கிகள் அன்றைக்கு நின்றன. சட்டப் புத்தகம் படித்தவன் எங்கே நிற்க வேண்டும் என்று எவரேனும் நம்மைக் கேட்டால், அம்முதியவர் நின்ற இடத்தையே காட்டுவோம். பின்னர் இராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுட் சிறை விதித்தது.

இறுதி இரவிலே மாளிகையில் எஞ்சியவர்களுக்கு வெல்வோம் என்ற மயக்கம் கிடையாது. அவர்களின் பேச்சாளர் யுன் சாங் வொன், முப்பது வயது நிரம்பாதவர். சியோலில் வங்கி உத்தியோகத்தை உதறிவிட்டு வந்து, தொழிலாளர் பிள்ளைகளுக்கு இராப் பாடசாலையிற் படிப்பித்தவர். மே 26 அன்று வெளிநாட்டு நிருபர்களுக்கு நிலைமையை எடுத்துரைத்த அவர், அன்றிரவு பெண்களையும் பாடசாலைச் சிறுவரையும் வீடு செல்லுமாறு வற்புறுத்தி அனுப்பினார். நடந்ததை உலகுக்குச் சொல்ல உயிரோடிருங்கள் என்பதே அவ்வேண்டுகோளின் கருத்து. ஆயினும் சில சிறுவர்கள் போக மறுத்தனர். மே 27 விடியுமுன் இராணுவம் புகுந்தது. இராணுவம் வருகின்றது, எம்மை மறந்துவிடாதீர்கள் என்ற பொருளில் ஒரு பெண்ணின் குரல் ஒலிபெருக்கியில் நகரெங்கும் கேட்டது. விளக்கணைத்து வீட்டினுள் இருந்தோர் அக்குரலை ஆயுள் முழுவதும் சுமந்தனர். விடிந்தபோது யுன் சாங் வொன் பிணமாகக் கிடந்தார்.

அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பலொன்று கொரியக் கடலை நோக்கி வருகின்றதென்ற செய்தி கேட்டு, மக்களாட்சியின் காவலர் நம்மைக் காக்க வருகின்றனர் என்று குவாங்ஜூவில் மகிழ்ந்தோரும் இருந்தனர். ஆனால் வோஷிங்டன் ஒழுங்கை நிலைநாட்டுவதையே முதற் கருமமாகக் கொண்டது. 1981 பெப்ரவரியிலே ஜனாதிபதி றேகன், சுன்னை வெள்ளை மாளிகையில் வரவேற்றார். பிறர் கப்பலை எதிர்பார்த்திருப்போர் இதனை நினைவிற் கொள்வார்களாக.

குற்றவாளிகள் யார்?

இராணுவச் சட்டத் தலைமையகம் இறந்தோர் 170 பேர் என அறிவித்தது. குடிமக்களுள் 160க்கு மேற்பட்டோர் அந்நாள்களில் மாண்டமை பின்னர் உறுதியாயிற்று. காயத்தாலும் சித்திரவதையாலும் பின்னர் மாண்டோர் வேறு. காணாமற் போனோர் பலரின் எலும்பும் இன்றுவரை கிட்டவில்லை. உடல்கள் நகரின் குப்பை வண்டிகளில் மாங்வோல் டோங் மயானத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

அடுத்து வந்தது சட்டத்தின் பெயரால் நடந்த அநீதி. சுட்டவர்களுக்குப் பதக்கம், சுடப்பட்டவர்களுக்கு வழக்கு. குவாங்ஜூவுக்கு வெளியே சிறையிலிருந்த கிம் டே ஜுங்கே எழுச்சியைத் தூண்டினாரென்று குற்றஞ்சாட்டி, 1980 செப்டெம்பர் 17இல் இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. கலகக்காரர் சிறையில், கலகஞ் செய்து அரசைப் பறித்தவரோ அதே செப்டெம்பர் மாதம் முதலாந் திகதியே ஜனாதிபதியாகப் பதவியேற்றுவிட்டார். நீதியின் தராசைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் எவ்வாறிருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சித்திரம் வேண்டியதில்லை.

இந்நிலையில் வழக்கை முதலில் தொடுத்தவர்கள் நியாயவாதிகளல்லர், தாய்மார்கள். கையிற் சிலம்பேந்திப் பாண்டியன் வாயிலை அடைந்த கண்ணகியை நாம் அறிவோம். குவாங்ஜூத் தாய்மார் கையில் ஏந்தியவை பிள்ளைகளின் புகைப்படங்கள். மே மாதம் வந்தால் அவர்களைப் பொலிசார் வீட்டிலேயே காவலில் வைத்தனர். மயானத்துக்குச் செல்லும் வழியை மறித்தனர். அக்கல்லறைகள் ஓரிடத்தில் இருப்பதே ஆபத்தென்று கருதி, ஏழைக் குடும்பங்கள் சிலவற்றுக்குப் பணங் கொடுத்துப் பிரேதங்களை வேறிடங்களுக்கு அகற்றச் செய்தனர். ஆட்சி அஞ்சியது உயிரோடிருந்த சேனைக்கன்று. புதைந்து கிடந்த பிள்ளைகளுக்கு. எஞ்சிய குடும்பங்கள் அசையவில்லை.

அவர்களுக்குத் துணைநின்றவை சிறிய பொருள்கள். ஹின்ஸ்பீற்றர் என்ற ஜேர்மன் படப்பிடிப்பாளர், ஒரு வாடகைக் கார்ச் சாரதியின் துணையுடன் நகருக்குள் நுழைந்து எடுத்த படம், தேவாலயங்களிலும் சர்வகலாசாலைகளிலும் இரகசியமாகத் திரையிடப்பட்டது. 1985இல் சாட்சியங்களைத் திரட்டி ஒரு நூல் வெளிவந்தது; அரசாங்கம் பறிமுதல் செய்தது; மக்கள் பிரதி எடுத்துப் படித்தனர். யுன் சாங் வொன்னுக்கும், அவருடன் இராப் பாடசாலையிற் படிப்பித்து முன்னரே காலமான ஒரு மங்கைக்கும் ஆவித் திருமணம் செய்வித்தனர். அதனையொட்டி 1982இல் எழுந்த பாட்டு, நாட்டின் போராட்டங்கள் அனைத்துக்கும் பொதுப் பாட்டாயிற்று.

1987 யூனில் சியோலின் வீதிகளில் இலட்சக்கணக்கானோர் இறங்கியபோது, குவாங்ஜூவின் உண்மையைப் படமாகவும் நூலாகவும் கண்டு வளர்ந்த தலைமுறை முன்னணியில் நின்றது. இம்முறை இராணுவம் வரவில்லை. ஜனாதிபதியை மக்கள் நேரே தெரிவு செய்யும் உரிமை யூன் 29ஆம் திகதி ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் எதிர்க்கட்சித் தலைவர்கள் இருவர் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடாது போட்டியிட்டனர், வாக்குகள் பிரிந்தன, நூற்றுக்கு 37 வாக்குத்தானும் பெறாத ரோ டே வூ ஜனாதிபதியானார். இரத்தத்தால் வாங்கியதை ஒற்றுமையின்மையால் விற்கலாம் என்பதற்கு இந்த ஆண்டே சான்று.

நீதிமன்றத்தில்

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1994இல் குவாங்ஜூவினர் சுன், ரோ ஆகியோர் மீது முறைப்பாடு செய்தனர். வழக்குத் தொடுநர்கள் ஓராண்டு ஆராய்ந்து, 1995 யூலை 18இல் வழக்கில்லை என்று கைவிரித்தனர். கலகம் வெற்றி பெற்றுப் புதியதோர் அரசியல் ஒழுங்கைப் படைத்துவிட்டால் அதனைத் தண்டிக்க நீதிமன்றுக்கு அதிகாரமில்லை என்பது அவர்கள் காட்டிய நியாயம். அதாவது, ஆட்டைத் திருடினவன் கள்ளன்; ஊரையே திருடினவன் அரசன்!

நாடு கொதித்தது. பேராசிரியரும் மாணவரும் கையொப்பம் திரட்டினர். அவ்வாண்டு ஒக்ரோபரில் ரோ டே வூ குவித்து வைத்த இரகசியப் பணமும் அம்பலமாயிற்று. ஜனாதிபதி கிம் யங் சாம் வழி மாறினார். நவம்பரில் ரோவும் டிசம்பரில் சுன்னும் கைதாயினர். டிசம்பர் 21இல் விசேட சட்டம் பிறந்தது. குற்றவாளிகளே ஆட்சியிலிருந்த காலத்தை, 1993 பெப்ரவரி 24 வரை, வழக்குக்குரிய காலவரையறையிற் சேர்க்கலாகாது என்பது அதன் உயிர்நாடி. திருடனே காவற்காரனாயிருந்த நாள்களைக் கழித்துவிட்டே நாள்களை எண்ண வேண்டும் என்பதில் என்ன அநீதி உண்டு?

ஆயினும் பின்னோக்கிச் செல்லும் சட்டம் சட்டத்துறையில் ஐயத்துக்குரியதே. அரசியலமைப்பு நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களுள் ஐவர், காலவரையறை ஏற்கெனவே கடந்திருக்குமாயின் இச்சட்டம் செல்லாது என்றனர். சட்டத்தை வீழ்த்த அறுவர் வேண்டும். ஆகவே 1996 பெப்ரவரி 16இல் ஒரே ஒரு குரல் குறைந்தமையால் சட்டம் பிழைத்தது. இதனை நாம் மறைக்காது கூறுகின்றோம். நீதியை நாடுவோர் தம் பக்கத்துச் சட்டச் சிக்கலை மூடி மறைத்தல் ஆகாது. சிக்கலை நேரே கண்டு வாதாடி வென்ற தீர்ப்பே நிலைக்கும்.

1996 ஓகஸ்ற் 26இல் சுன்னுக்கு மரண தண்டனையும், ரோவுக்கு இருபத்திரண்டரை ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. மேன்முறையீட்டில் அவை ஆயுட் சிறையாகவும் பதினேழு ஆண்டாகவும் குறைந்தன. 1997 ஏப்ரில் 17இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. வன்முறையால் அரசியலமைப்பு உறுப்புகளின் அதிகாரத்தை முடக்கி ஆட்சியைப் பறித்தல் எந்நிலையிலும் பொறுக்கப்படாது என்றும், வெற்றி பெற்ற கலகமும் குற்றமே என்றும் அத்தீர்ப்பு நிலைநாட்டியது. மே 27 விடியலில் மாளிகையில் நிகழ்ந்த கொலைகள் கலக நோக்கத்துக்காகச் செய்யப்பட்ட கொலைகள் எனத் தீர்க்கப்பட்டன. அதே விசேட சட்டத்தின் வழியே பழைய குற்றத்தீர்ப்புகளும் மீள விசாரிக்கப்பட்டன. கிம் டே ஜுங் 2004இல் குற்றமற்றவரெனத் தீர்க்கப்பட்டார். தலைகீழாகத் தொங்கிய தராசு நிமிர்ந்தது.

எஞ்சிய கடன்

எல்லாம் நன்றாய் முடிந்ததென்று கூறி உங்களை அனுப்பிவிட மாட்டோம். 1997 டிசம்பர் 22இல் இருவருக்கும் மன்னிப்பு வழங்கப்பட்டது. அதற்கு இணங்கியவர், தாமே அவர்களால் மரண தண்டனை பெற்று, அப்பொழுது ஜனாதிபதியாகத் தெரிவாகியிருந்த கிம் டே ஜுங். அது பெருந்தன்மையா, பிழையா என்று அந்நாட்டார் இன்றும் வாதிடுகின்றனர். பாதிக்கப்பட்டவன் மன்னிக்கலாம், ஆனால் மன்னிப்புக் கேட்காதவனை மன்னித்தல் யாருக்குப் பயன்படும் என்பதே நம் ஐயம். பாண்டியன் தன் பிழை உணர்ந்த கணத்திலே அரியணையில் உயிர் துறந்தான். சுன்னோ தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார். விதித்த தண்டப் பணத்தின் ஒரு பெரும் பங்கைச் செலுத்தவில்லை. நகரின் மீது ஹெலிகொப்டரிலிருந்து சுட்டதைக் கண்டதாகச் சாட்சி சொன்ன குருவானவரைப் பொய்யனென்று தன் நினைவுக் குறிப்பிலே எழுதி, 2020இல் மீண்டும் குற்றவாளியானார். 2021 நவம்பர் 23இல் வருத்தச் சொல் ஒன்றுமின்றி மாண்டார். 2023இல் அவருடைய பேரன் குவாங்ஜூவுக்குச் சென்று தாய்மார் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டான்.

மே 21ஆம் திகதிச் சூட்டுக்குக் கட்டளையிட்டவர் யார் என்பதை எந்தத் தீர்ப்பும் இன்றுவரை நிலைநாட்டவில்லை. படையினரால் மானபங்கப்படுத்தப்பட்ட பெண்களின் துயரம் முப்பத்தெட்டு ஆண்டுகள் பேசப்படாது கிடந்தது. 2018இல்தான் அரசாங்க விசாரணையொன்று பதினேழு சம்பவங்களை உறுதி செய்ய, பாதுகாப்பு அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். வீரரின் கல்லறையைப் போற்றும் சமுதாயமும், தன் பெண்களின் வாக்குமூலத்தைக் கேட்க அத்தனை காலம் எடுத்தது. அது நம் யாவருக்கும் எச்சரிக்கை.

திறந்த கதவு

இப்பொழுது முன்னர் குறித்துவைத்த செய்திக்கு மீள்வோம். 2024 டிசம்பர் 3ஆம் திகதி இரவு பத்தரை மணியளவில், ஜனாதிபதி யூன் சுக் யோல் திடீரென இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின் அந்நாடு கேட்ட அதே சொல். தேசிய சபையின் செயல்களும் தடுக்கப்பட்டன. விசேட படையினர் ஹெலிகொப்டரில் வந்து சபை வளாகத்தில் இறங்கினர்.

1980 மே 20இல் பூட்டிக் கிடந்த கதவுக்கு இம்முறை என்ன நேர்ந்தது? செய்தி கேட்ட குடிமக்கள் நள்ளிரவிலே சபை வாயிலுக்கு ஓடி வந்தனர். வந்தோருள் நரைத்த தலையினர் பலர். படை வாகனங்களின் முன் வெறுங்கையோடு நின்றனர். சபாநாயகர் வூ வொன் ஷிக், அறுபத்தேழு வயதில், மதிலேறிக் குதித்து உள்ளே சென்றார். ஊழியர்கள் மேசை கதிரைகளை அடுக்கி வழியை மறித்தனர். நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் 190 உறுப்பினர்கள் கூடினர்; 190 பேரும், ஆளுங் கட்சியினர் 18 பேர் உட்பட, இராணுவச் சட்டத்தை நீக்குமாறு வாக்களித்தனர். விடியுமுன் பிரகடனம் நீங்கியது. ஓர் உயிரும் போகவில்லை.

2025 ஏப்ரில் 4இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதியரசர்களும் ஒருமனதாக யூனைப் பதவி நீக்கினர். குடிமக்களின் எதிர்ப்பும், கட்டளையை முனைப்பின்றி நிறைவேற்றிய படையினரின் தயக்கமுமே சபை விரைந்து செயற்படக் காரணமாயின என்று அத்தீர்ப்பிலே கூறினர். அத்தயக்கத்தைச் சிந்தியுங்கள். 1980இன் படையினன் கட்டளையை மட்டும் அறிந்திருந்தான். 2024இன் படையினன், அத்தகைய கட்டளையை இட்ட தளபதிகள் சிறை சென்ற கதையைப் பாடசாலையிற் படித்திருந்தான்.

அந்த இரவுக்குக் குவாங்ஜூ ஒன்றே காரணம் என்று நாம் கூறோம். எனினும் சட்டத்தின் எழுத்து இரு நாள்களிலும் இருந்தது. ஒரு நாளில் அது சபையைக் காத்தது, மற்றொரு நாளில் காக்கவில்லை. வேற்றுமை, எழுத்துக்குப் பின்னால் நின்ற மக்களின் நினைவிலே இருந்தது. குவாங்ஜூவிற் பிறந்த எழுத்தாளர் ஹான் காங், மாளிகையில் மாண்ட ஒரு சிறுவனை மையமாக வைத்து நாவல் எழுதியவர். அவர் 2024 டிசம்பர் 7ஆம் திகதி, அந்த இரவுக்கு நான்கே நாள்களின் பின், நோபெல் பரிசு உரையை நிகழ்த்தினார். மாண்டவர் வாழ்வோரைக் காக்க முடியுமா என்பது அந்நாவலை எழுதுகையில் அவரை வாட்டிய வினா. சபை வாயிலில் நின்ற மக்கள் அதற்கு விடை கூறிவிட்டனர்.

குவாங்ஜூ தன் துயரத்தைத் தன்னோடு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அங்குள்ள மே 18 நினைவு நிறுவனம் ஆண்டுதோறும் மனித உரிமைப் பரிசு வழங்கி வருகின்றது. 2001இல் அதனைப் பெற்றவர் நம் தீவின் சட்டத்தரணி பசில் பெர்னாண்டோ. 2003இல் பெற்றவர் காணாமற் போனோர் குடும்பங்களுக்காக உழைத்த ஓர் இலங்கைப் பெண்மணி. தன் பிள்ளைகளைத் தேடும் நகரம், பிறர் பிள்ளைகளைத் தேடுவோரையும் அறிந்துகொண்டது.

இளந்தோழர்களே! கொடுங்கோலின் கீழ் வருந்துவோரின் கண்ணீர், கொடுங்கோலனின் செல்வத்தைத் தேய்க்கும் என்று வள்ளுவப் பெருந்தகை கூறினார். தேய்க்கும், ஆனால் தானாகத் தேய்க்காது. குவாங்ஜூ மக்கள் அதற்குப் பதினேழு ஆண்டு வேலை செய்தனர். இறந்தவரின் பெயரையும் வயதையும் மாண்ட இடத்தையும் எழுதி வைத்தனர். சாட்சியங்களைச் சுடச்சுடத் திரட்டினர். கல்லறையை விட்டு அகலவில்லை. தள்ளப்பட்ட மனுவை மீண்டும் எழுதினர். அழுதுகொண்டே எழுதினர், எழுதுவதை நிறுத்தவில்லை. உணர்ச்சி ஒரு நாளிற் பொங்கி மறுநாளில் வடியும். எழுதி வைத்த சாட்சியம், நீதிபதி ஒருவர் வாசிக்கும் நாள் வரும்வரை பெட்டியிலே காத்துக் கிடக்கும்.

அந்த நாள் வருமென்று எவரும் அவர்களுக்கு உறுதி கொடுக்கவில்லை. வந்தபோது அவர்கள் கையில் ஆவணம் இருந்தது. நினைவு கூர்தல் என்பது ஆண்டுக்கொரு நாள் விளக்கேற்றுவதோடு முடிவதன்று. ஆண்டின் ஏனைய நாள்களில் அந்த ஆவணத்தைக் காப்பதும் அதன் பகுதியே.